அவன் எந்தப் பக்கத்திலிருந்து வருவான்?

வாசகர் கேள்வி – பதில்: இந்த இதழில் பரதநாட்டிய அபிநயம்

சென்ற இதழில் அரைமண்டி (முழங்காலை வெளிப்பக்கம் மடித்து நிற்கிற நிலை), முழங்கால் வலி, சலங்கைத் தோல் என்று எழுதி முடிக்கும்போது, 'அடுத்த முறை முகபாவம் பற்றிக் கேளுங்கள்' என்று ஒரு வரி போட்டுவைத்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய. 41 வருஷமாக மாயவரத்தில் பரதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, தாளம் போடுகிற தட்டுக்கழியும் கையுமாக உட்கார்ந்திருப்பவள் நான். பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. கூடத்தில் பார்த்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

"என் மகளுக்கு 11 வயது. அடவெல்லாம் சுத்தம், தாளம் பிசகாது. ஆனால் முகத்தில் ஒன்றுமே வருவதில்லை. போட்டியில் நடுவர் 'எக்ஸ்பிரஷன் இல்லை' என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். தினமும் கண்ணாடி முன் அரை மணி நேரம் பயிற்சி செய்யச் சொல்கிறேன். பலன் இல்லை."
– ஒரு தாய், திருச்சி

முதலில் அந்தக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். அரைமண்டிக்குக் கண்ணாடி நல்லது. முதுகு கூனினாலும் முழங்கை இறங்கினாலும் உடனே காட்டிக்கொடுக்கும். பாட்டின் பொருளைக் கையாலும் முகத்தாலும் காட்டுகிற அபிநயத்துக்கு அது ஆகாது. கண்ணாடி முன்னால் நின்று பூப்பறிக்கிற குழந்தை பூவை எங்கே பார்க்கிறது? பூவைப் பார்க்கிற தன் மூஞ்சியைத்தான் பார்க்கிறது.

போன வருஷம் என்னிடம் இதே வயதில் ஒரு பெண் வந்தாள். ஒரு பாட்டில் பூத்தொடுக்கிற இடம். இரண்டு கையிலும் கடகாமுக முத்திரையை அழகாகப் பிடித்தாள். புருவத்தைத் தூக்கினாள். உதட்டில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தாளத்தை நிறுத்திவிட்டு, "மடியில இன்னும் எவ்வளவு பூ இருக்கு?" என்றேன். முழித்தாள். "நாரோட அந்த முனை எங்கே? கால் கட்டைவிரல்ல சுத்தியிருக்கியா, சும்மா தொங்குதா?" அதற்கும் முழி. விசாரித்தால், பூ என்றால் அவளுக்குக் கடையில் முழம் போட்டு வாங்குவதுதான். தொடுத்துப் பார்த்ததே இல்லை.

பாட்டை ஓரம் வைத்துவிட்டு, மல்லிகை மொக்கு 100 கிராம் வாங்கிவரச் சொன்னேன். வாழைநாரை நனைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் 14 பூ தொடுத்தாள், அதிலும் மூன்று நழுவி விழுந்துவிட்டன. மறுநாள் பூவும் இல்லை நாரும் இல்லை, வெறுங்கையோடு அதே வரி. இந்தத் தடவை புருவம் தானாகச் சுருங்கியது. நாக்கு நுனி பல்லிடுக்கில் வந்து நின்றது. நடுவில் கண் சட்டென்று தரைக்கு ஓடித் திரும்பியது. "என்னடி?" என்றேன். "ஒண்ணு விழுந்துடுச்சு டீச்சர்" என்றாள். அந்த முகத்தை நான் சொல்லித்தரவில்லை.

நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தில் எல்லா நாட்டியப் பள்ளியிலும் ஒப்பிக்கிற சுலோகம் ஒன்று உண்டு. கை போகும் இடத்துக்குக் கண், கண் போகும் இடத்துக்கு மனம், மனம் போகும் இடத்தில் பாவம் (உணர்ச்சி), பாவம் இருக்கும் இடத்தில் ரசம் (பார்ப்பவருக்குள் ஊறும் சுவை). உங்கள் மகளும் மனப்பாடமாகச் சொல்வாள். அதை மெதுவாக ஒரு தரம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த வரிசையில் முகம் என்ற சொல்லே கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அலாரிப்பிலும் ஜதிஸ்வரத்திலும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. நிருத்தத்தில், அதாவது பொருள் சொல்லாத வெறும் ஆட்டத்தில், முகம் தெளிவாக, இறுக்கமில்லாமல் இருந்தால் போதும். பற்பசை விளம்பரம் வேண்டாம். அதைவிட முக்கியம், போட்டிக்காகக் கண்டிதா நாயகி பதம் (காதலைப் பாடுகிற மெதுவான அபிநயப் பாட்டு) எதையும் அவளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். வேறொருத்தி வீட்டிலிருந்து விடியற்காலையில் வருகிறவனை ஏசுகிற பெண்ணைப் பற்றி 11 வயதுக்கு என்ன தெரியும்? அவளுக்கு வெண்ணெய் திருடுகிற கண்ணன் போதும். அடுக்களையில் எதையாவது எடுத்துத் தின்றுவிட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் கட்டாயம் இருக்கும். நடுவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு குழந்தையிடம் 'எக்ஸ்பிரஷன் இல்லை' என்று சொல்வது, காய்ச்சல்காரனிடம் 'உனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்வது மாதிரிதான்.

"கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் டீச்சர் பிரிவாற்றாமை பற்றிய பதம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். எனக்குக் காதல் அனுபவமே இல்லை. பொய்யாகச் செய்கிறேன் என்று எனக்கே தெரிகிறது."
– மாணவி, மதுரை

காதலித்துப் பார்த்துவிட்டு வா என்று இந்த மாமி எழுதிவிடுவாளோ என்று பயந்திருப்பாய். மாட்டேன். நரசிம்மம் ஆடுகிறவளிடம் 'யாருடைய குடலையாவது கிழித்த அனுபவம் உண்டா?' என்று நாம் கேட்பதில்லையே.

உன் கஷ்டம் எனக்கும் 17 வயதில் இருந்தது. முத்துத்தாண்டவர் பதம், 'தெருவில் வாரானோ, என்னைச் சற்றே திரும்பிப் பாரானோ', கமாஸ் ராகம். சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு அப்போதே எழுபது தாண்டிவிட்டது. பரம்பரையாக ஆடிய குடும்பம். எழுந்து நிற்கமாட்டார், பாயில் உட்கார்ந்தபடியே பாடுவார். பல்லவியை எடுத்ததும் நான் நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தூரத்தைப் பார்த்தேன், நெஞ்சு விம்மப் பெருமூச்சு விட்டேன், கண்ணைச் சொருகினேன். அப்போது பார்த்த சினிமாக் கதாநாயகிகள் எல்லோரும் என் முகத்தில் வந்து போனார்கள்.

அம்மா பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அவன் எந்தப் பக்கத்திலேர்ந்து வருவான்?"

எனக்குப் புரியவில்லை.

"கெழக்கேர்ந்தா, மேற்கேர்ந்தா? நீ திண்ணையில இருக்கியா, சன்னலுக்குப் பின்னாடியா? வெளக்கு வச்சாச்சா? உங்கம்மா எங்கே இருக்கா, அடுப்படியிலயா, உன் பக்கத்துலயா?"

நான் பேசாமல் நின்றேன்.

"தெருவே தெரியல. யாருக்காகம்மா காத்துக்கிட்டிருக்கே?"

அப்புறம் அவர் செய்து காட்டினார். தலைவாருகிற மாதிரி கை. கண் எங்கேயும் போகவில்லை. இடது காது மட்டும் ஒரு நூல் திரும்பியது, அவ்வளவுதான். எனக்கே செருப்புச் சத்தம் கேட்டது. வாருகிற கை நின்றது. கண் சன்னலுக்குப் போனது, தலை போகவில்லை, ஏனென்றால் அம்மாக்காரி அறையில் இருக்கிறாள். தெருவில் யாரோ போகிறான். கண் அவனைக் கூடவே கொண்டுபோய் மூன்று வீடு தாண்டி விட்டுவிட்டு வந்தது. அவன் இல்லை. கழுத்து லேசாகத் தளர்ந்தது. கை திரும்பவும் வாரத் தொடங்கியது, ஆனால் முன்பே வாரிய இடத்தையே வாரியது. இந்த ஒரு வரிக்கு அன்றைக்கு 40 நிமிஷம். விரகம் என்ற வார்த்தையை அவர் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. விரகோத்கண்டிதா, புரோஷிதபர்த்ருகா என்று, காதலில் பெண் இருக்கிற நிலையை வைத்துப் பிரித்த எட்டு நாயகியரின் பெயர்களையும் நான் பிற்பாடு புத்தகத்தில்தான் படித்தேன்.

'சற்றே' என்ற சொல்லைக் கவனி. முழுசாகத் திரும்பிப் பார் என்று அவள் கேட்கவில்லை. எவ்வளவு திரும்பினால் அவளுக்குப் போதும்? அதை உன் மோவாயால் காட்ட வேண்டும். அரை அங்குலம் கூடினாலும் அந்தப் பெண்ணின் கூச்சம் போய்விடும்.

நீயும் எதற்காவது காத்திருந்திருப்பாய். பரீட்சை முடிவுக்கு, ஊரிலிருந்து வருகிற அப்பாவுக்கு, கைப்பேசியில் நீல டிக் விழுவதற்கு. அந்த நேரத்தில் உன் காது என்ன செய்தது, கை என்ன செய்தது என்று யோசித்துப் பார். மேடைக்குக் கொண்டுபோக அது போதும். கைப்பேசியை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போ.

சிருங்காரம், அதாவது காதல் ரசம், வேண்டாம், பக்திப் பாட்டாக மாற்றித் தாருங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இது பழைய வழக்கு. 1936-இல் கலாக்ஷேத்திரா நாட்டியப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி உடல்சார்ந்த சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை முன்னால் வைத்தார். பரம்பரை ஆட்டக்காரரான பாலசரஸ்வதியோ சிருங்காரம்தான் இதற்கெல்லாம் தலை, அதில் புதிதாகச் சுத்தம் செய்ய ஒன்றுமில்லை என்று கடைசி வரை நின்றார். இருவருக்குமே மயிலாப்பூர் கௌரி அம்மாள் அபிநயம் சொல்லித்தந்திருக்கிறார் என்பது வேடிக்கை. நான் பாலசரஸ்வதி கட்சி. உன் வீட்டாரிடம் இதைக் காட்ட வேண்டாம்.

"நவரசம் என்கிறோம். ரசம் எட்டுத்தான் என்றும் சொல்கிறார்களே?"
– ஆசிரியர், திருநெல்வேலி

பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் எட்டு. சாந்தம் பிற்பாடு சேர்ந்தது. நம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலிலும் எட்டுத்தான்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வடக்கே பட்டியல் சிருங்காரத்தில் தொடங்குகிறது, இங்கே சிரிப்பில். எனக்கு இது பிடிக்கும். பெருமிதம் எதனால் வரும் என்ற பட்டியலில் வீரத்துக்கும் முன்னால் கல்வியை வைத்தவர்கள் நாம். பள்ளி ஆண்டுவிழாவில் ஒன்பது குழந்தைகளை வரிசையாக நிறுத்தி ஒன்பது முகம் காட்டச் சொல்கிறார்களே, அதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பத்திரிகையில் எழுதுகிற பதில் இல்லை என்னிடம்.

"நந்தனார் பாட்டு ஆடும்போது மேடையிலேயே அழுதுவிட்டேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். என் குரு திட்டினார். நிஜக் கண்ணீர் தப்பா?"
– நாட்டியக் கலைஞர், கோயம்புத்தூர்

உங்கள் குருவை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காபி கொடுத்திருப்பேன்.

கண்ணீர் தப்பில்லை. சாத்விக பாவம் எட்டில் அதுவும் ஒன்று: ஸ்தம்பித்தல், வியர்வை, மயிர்க்கூச்சு, குரல் தழுதழுப்பு, நடுக்கம், நிறம் மாறுதல், கண்ணீர், மூர்ச்சை. உடம்பு தானாகச் செய்வதை மேடையில் வரவழைப்பதுதான் கஷ்டம் என்று தெரிந்துதான் அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் யாருக்காக அழுதீர்கள் என்று பாருங்கள்.

எனக்கு 24 வயது. ஒரு சபாவில் இதே நந்தன். தாழ்ந்த சாதி என்று கோயிலுக்குள் விடப்படாத சிவபக்தன், வெளியே நின்று நந்தி மறைக்கிறதே என்று பாடுகிற கோபாலகிருஷ்ண பாரதியின் 'வழிமறைத்திருக்குதே, மலைபோல் ஒரு மாடு படுத்திருக்குதே'. அதற்கு முந்தின மாதம்தான் என் அப்பா காலமானார். இரண்டாவது தடவை அந்த வரி வந்தபோது எனக்கு உடைந்துவிட்டது. மை கன்னத்தில் வழிந்தது. மூக்கு ஒழுகினால் துடைக்கவும் முடியாது, கையில் முத்திரை. அடுத்த சஞ்சாரி, அதாவது வரியை விரித்துக் காட்டுகிற அபிநயம், மறந்தேபோனது. தாளம் போட்டு ஆட்டத்தை நடத்துகிற நட்டுவனார் அதே வரியை ஐந்து தரம் பாடவைத்துச் சமாளித்தார். முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உள்ளே வந்ததும் ரொம்பப் பெருமையாக இருந்தது. நட்டுவனார் தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நல்லா அழுதே. மாட்டைக் காணோமே!"

அவர் சொன்னது பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது, அதுவும் தொல்காப்பியம் படித்தபோது. அழுகை நான்கு காரணத்தால் வரும் என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. நான் அன்றைக்கு அழுதது இழவு. நந்தன் அழுவது இளிவு, பிறர் தாழ்த்திவைத்ததால் வருகிற அழுகை. இரண்டும் ஒரே கண்ணிலிருந்துதான் வருகிறது, ஆனால் தோள் வேறு. இழவில் உடம்பு சரியும். இளிவில் சரியாது, ஒடுங்கும். 'நான் இங்கே நிற்பதே தப்போ' என்று இடத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இப்போது இந்தப் பாட்டு எடுக்கும்போதெல்லாம் பிள்ளைகளைத் திருப்புன்கூர் கூட்டிப்போகிறேன். வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில்தான். நந்தி இன்றைக்கும் சற்று விலகித்தான் இருக்கிறது. நந்தனுக்காக விலகியது நமக்குத் தொந்தரவாகிவிட்டது. மறைக்கிற இடத்தைத் தேடி நாம் ஓரமாக நகர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே நின்று, "உள்ளே பாரு" என்பேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி நடக்கும். முதலில் குதிகால் எழும்பும், ஒரு தோள் ஏறும், கழுத்து சாயும், வாய் லேசாகத் திறந்துகொள்ளும். உள்ளே விளக்குச் சுடர் ஒன்று மட்டும் துண்டாகத் தெரியும், திரும்ப மறைந்துவிடும். அந்த வாய் திறப்பு எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை. அதை மேடைக்குக் கொண்டுவந்தால் கண்ணீரே வேண்டாம்.

அதே சரித்திரத்தில் சிவன் நந்தியிடம் சொல்கிறார், 'சற்றே விலகியிரும் பிள்ளாய்'. மதுரைப் பெண்ணும் இதைப் படிக்கட்டும், இங்கேயும் அதே 'சற்றே'. பிள்ளாய் என்று கூப்பிட்டுக் கொஞ்சம் நகரச் சொல்கிறார். சிலர் இந்த இடத்தில் இரண்டு கையாலும் மாட்டைப் புல்டோசர் மாதிரி தள்ளுகிறார்கள். விரல் நுனி போதும். வீட்டில் வழியில் படுத்திருக்கிற குழந்தையை நகரச் சொல்கிற அந்தக் கை.

"டொராண்டோவில் பிறந்து வளர்ந்தவள். தெலுங்குப் பதம் ஆடுகிறேன். எனக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான். டீச்சர் ஒவ்வொரு சொல்லுக்கும் கை காட்டித் தந்திருக்கிறார். பாஷை தெரியாமல் பாவம் வருமா?"
– வாசகி, கனடா

வரும், ஆனால் அந்தச் சொல்லுக்குச் சொல் கையை நம்பி வராது. 'சந்திரன் – மாதிரி – முகம் – உள்ளவன் – வந்தான்' என்று ஐந்து கை காட்டினால் அது ஊமைக்கு மொழிபெயர்ப்பு. முதல் தடவை அப்படிக் காட்டலாம், சபையோருக்குப் பொருள் புரிய வேண்டுமே. வரி திரும்ப வரும்போது சொல்லை விட்டுவிட்டு, ஏன் சொல்கிறாள், யாரிடம் சொல்கிறாள் என்பதற்குப் போக வேண்டும். தோழியிடம் 'வந்தான்' என்பது ஒன்று. அவனிடமே 'வந்தாயா' என்பது வேறு. 'ஓகோ, வந்தாயா!' என்பது இன்னும் வேறு. கை ஒன்றேதான்.

சத்யஜித் ராய் 1976-இல் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ஆவணப்படம் கிடைத்தால் பாருங்கள். கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுகிறார். காற்று புடவையை இழுத்துக்கொண்டு போகிறது. பாட்டு கன்னடம், அவரோ சென்னைக்காரர், வீணை தனம்மாளின் பேத்தி. அந்த அம்மாள் பாடிக்கொண்டே ஆடக்கூடியவர் என்பதை மறக்காதீர்கள். அந்தச் சொற்கள் அவர் வாயில் கிடந்து ஊறியவை. நீங்களும் பதத்தைப் பாடக் கற்றுக்கொள்ளுங்கள். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை, குளியலறையில் பாடுங்கள். எந்த எழுத்தில் மூச்சு நிற்கிறது, எந்த எழுத்து நீள்கிறது என்று தெரிந்தாலே கண் அந்த நீளத்துக்கு நிற்கும்.

"ஆண்பிள்ளை நாயகி பாவம் செய்தால் சிரிக்கிறார்களே?"
– மாணவர், சேலம்

சிரிக்கட்டும் தம்பி. இன்றைய மார்க்கத்தை, அதாவது கச்சேரியில் ஆடுகிற உருப்படிகளின் வரிசையை, வகுத்த தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் ஆண்கள்தான். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பெண் வேடம் உட்பட எல்லா வேடமும் ஆண்கள்தான். இடுப்பை ஒடித்துப் பெண்ணாக நடிக்கப் போனால் சிரிப்பு வரும். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பாருங்கள், சிரிக்க நேரம் இருக்காது.

"எனக்கு 62 வயது. சிறுமியாக இருந்தபோது நான்கு வருஷம் பரதம் கற்றேன், கல்யாணத்தோடு நின்றுபோனது. முழங்கால் தேய்மானம், அரைமண்டி முடியாது. அபிநயம் மட்டும் கற்க முடியுமா? யாராவது சேர்த்துக்கொள்வார்களா?"
– இல்லத்தரசி, கும்பகோணம்

ஏன் சேர்த்துக்கொள்ளாமல்? கலாநிதி நாராயணன் பதின்வயதோடு ஆட்டத்தை நிறுத்தியவர். 30 வருஷம் போல இடைவெளி விட்டு 1973-இல் அபிநயம் சொல்லிக்கொடுக்கத் திரும்பி வந்தார். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். தான் செய்கிற சஞ்சாரியை அப்படியே ஒப்பியடிக்கச் சொல்லாமல், அந்த நாயகி நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று ஒவ்வொருவரையும் யோசிக்கவைத்தவர். 1985-இல் பத்மபூஷண்.

முத்திரைகளை மட்டும் திரும்ப ஒரு பார்வை பாருங்கள், ஒரு மாதத்தில் விரலுக்கு ஞாபகம் வந்துவிடும். கண்ணுக்கு அபிநய தர்ப்பணம் சொல்கிற எட்டுப் பார்வைகள், காலையில் பத்து நிமிஷம். பதத்தை உட்கார்ந்தே செய்யலாம், அப்படிச் செய்த பெரியவர்கள் நிறையப் பேர். மதுரைப் பெண்ணைப் போல உங்களுக்கு அனுபவமில்லை என்ற குறையும் இருக்காது. ஒரே தொல்லை, அனுபவம் எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டப் பார்ப்பீர்கள். என் வயதுக்காரர்களுக்கு வருகிற வியாதி அது. ஒரு வரிக்கு ஒரு நினைவு போதும்.

கும்பகோணத்திலிருந்து மாயவரம் பக்கம்தானே. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் கூடத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வீட்டில் பழகுவதற்கு மட்டும் கைப்பிடி இல்லாத நாற்காலியாகப் பாருங்கள். கைப்பிடி இருந்தால் அலபத்ம முத்திரையை விரிக்கும்போது முழங்கை இடிக்கும்.